நெல்லை வட்டாரத்தில் பாடல் காணொளி: படப்பிடிப்புக்கு முன் எதையெதை முடித்திருக்க வேண்டும்?

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். வில்லுப்பாட்டின் நடையில், நையாண்டி மேளத்தை இடையிசையாக வைத்து, நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு தனிப்பாடலை உருவாக்கியிருக்கிறோம். வரிகளும் மெட்டும் எங்களுடையவை. தொடக்கத்தில் வரும் காப்பு (கடவுள் வாழ்த்து) மட்டும் ஊர்ப்புறத்தில் வழிவழியாகப் பாடப்படுவது. நீளம் 4 நிமிடம் 20 விநாடி. பாளையங்கோட்டையில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் கீபோர்டை வைத்து எடுத்த மாதிரிப் பதிவுதான் இப்போது கையில் இருக்கிறது. முதன்மைக் குரல், பல ஆண்டுகளாக ஊர்க்கோயில் கொடை விழாக்களில் பாடிவரும் ஒரு வில்லிசை அம்மாவுடையது. கதையின் ஊடாக எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள்.

வைகாசி மாதத்தில் இரண்டே நாளில் படம்பிடித்துவிட எண்ணியிருக்கிறோம். கையில் இரண்டரை லட்சம் ரூபாய் இருக்கிறது. குற்றாலம் பேரருவி, மாஞ்சோலை, நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்கள், சுலோச்சன முதலியார் பாலம், கூந்தன்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரி (மணல்மேடு), உவரிக் கடற்கரை ஆகிய இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை. இத்தொழிலில் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஒளிப்பெட்டி:

தம்பி, இடங்களின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பாட்டை முடியுங்கள். பாடல் காணொளியில் கதை, இடம், ஆள், நாள், பணம் ஆகிய அனைத்தும் பாட்டின் கடிகாரத்திலிருந்து பிறக்க வேண்டியவை. மாதிரிப் பதிவை ஒலிக்கவிட்டுப் படம்பிடித்துவிட்டு, பிறகு உண்மையான தவிலையும் நாகசுரத்தையும் சேர்க்கலாம் என்று நினைத்தால், இறுதிப் பதிவில் ஓரிடத்தில் நான்கு அட்சரம் கூடியிருக்கும், வேறோரிடத்தில் மூச்சு மாறியிருக்கும், எடுத்த படம் எதுவும் உதட்டோடு பொருந்தாது. ஆகவே நீளம், வேகம், வரிகள் மூன்றும் இனி மாறா என்ற நிலைக்குப் பாட்டு வரும் வரையில் கேமராவுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

பாட்டு முடிந்ததும் அதை விநாடிக் கணக்கில் பிரித்து எழுதுங்கள். காப்பு எத்தனையாவது விநாடியில் முடிகிறது, பல்லவியின் இரண்டாம் முறை எங்கே எழுகிறது, மேளம் எங்கே உள்ளே வருகிறது, சரணத்தின் எந்தச் சொல்லில் சிறுமி தோன்ற வேண்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் நேர் எதிரே எழுத வேண்டும். அந்தத் தாள்தான் இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒப்பனையாளர் நால்வருக்கும் பொதுவான ஆவணம்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் பாட்டு 260 விநாடி. ஒரு ஷாட் சராசரியாக மூன்று முதல் நான்கு விநாடி நிற்கும் என்று கொண்டால் 65 முதல் 87 ஷாட்டுகள் தேவைப்படும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உருப்படியாக வேலை நடந்தால் இரண்டு நாளுக்கு 1,200 நிமிடம். எழுபது ஷாட் என்றாலும் ஒன்றுக்குப் பதினேழு நிமிடம்தான் கிடைக்கும். ஒளி அமைப்பது, ஆடை சரிசெய்வது, ஒத்திகை, டேக் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு யூனிட்டைக் கட்டி ஏற்றி இறக்க இரண்டு மணி நேரம் ஆனால் ஏழு ஷாட்டுகள் போயின. ஏழு இடம் என்பது இந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரல்:

வைகாசி ஏன் என்று கேட்க விரும்புகிறேன். உங்கள் பாட்டில் வயல் வருகிறதா? வருமானால் நம் பக்கத்துப் பயிர்க் காலத்தைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். கார் சாகுபடிக்கு ஜூனில் அணை திறந்தால்தான் தாமிரபரணிப் பாசனத்தில் நடவு தொடங்கும். வைகாசியில் பெரும்பாலான வயல்கள் தரிசாகக் கிடக்கும். அடுத்த போகமான பிசான நெற்பயிர் தையில் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறத் தொடங்கி, மாசி பங்குனியில் அறுவடைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியதையும், ஆறு ஊருக்குள் புகுந்ததையும் நாம் மறந்துவிட முடியாது. அம்மாதங்களில் ஆற்றங்கரைக் காட்சியை நம்பி முன்பணம் கொடுப்பது சூதாட்டம்.

ஆனி, ஆடியில் இன்னொரு தொல்லை உண்டு. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வரும் காற்று, காற்றாலைக்காரர்களுக்கு வரம். விளக்குக் கம்பத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம்பிடிப்பவர்களுக்குச் சாபம். பணகுடி, காவல்கிணறு, இராதாபுரம் பக்கம் அந்த நாள்களில் ஒளிமறைப்புத் துணியை நான்கு பேர் பிடித்தாலும் நிற்காது, ஒலிவாங்கியில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் பதியாது.

தேரிமணல்:

இடங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாஞ்சோலை, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அங்கே படப்பிடிப்புக் கருவிகளோடு நுழைவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் நேரம், ஆள் எண்ணிக்கை, ஒலி ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடுகள் இருக்கும். கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத மக்கள் இருக்கிறார்கள். அங்கே போய்த் தவிலையும் பம்பையையும் முழக்குவது முறையா என்று யோசியுங்கள்.

நெல்லையப்பர் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ளது. கோயில்களுக்குள் கைப்பேசிக்கே தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கும்போது, இசைத்தூண்களைத் தட்டிக் காட்டும் காட்சிக்கு அனுமதி கேட்பதே வீண். தட்டித் தட்டித்தான் அந்தத் தூண்கள் தேய்ந்தன என்பது வேறு. 1843இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தின் மேலே போக்குவரத்தை நிறுத்த உங்களால் இயலாது. கீழே ஆற்றுப் படுகையில் நின்றுகொண்டு, வளைவுகளைப் பின்னணியாக வைத்து எடுப்பது எளிது; அதற்கும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

ட்ரோன் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை என்றாலும், ஒளிப்பதிவாளர் கட்டாயம் கேட்பார். நம் வட்டாரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையம் என்று நான்கு முக்கியமான இடங்கள் உள்ளன. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை என்னும் அரசு இணையதளத்தின் வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லைகளைப் பார்த்த பிறகே பறக்கவிட வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட எடையுள்ளதை வணிக நோக்கில் இயக்குபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழும், ட்ரோனுக்குப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். கலியாண வீடுகளில் பறக்கவிடும் பலரிடம் அவை இருப்பதில்லை.

இருந்தாலும் செம்மணல் தேரியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பது என் ஆசை. பெரும்பகுதி காப்புக்காடு என்பதால் அதற்கும் வனத்துறையை அணுக வேண்டும். ஆனால் மாலை வெயிலில் அந்த மண்ணின் நிறம் வேறெங்கும் கிடைக்காது.

முறப்பநாட்டான்:

ஒரே ஒரு வேண்டுகோள். பாலத்தின் மேல் ட்ரோன் பறந்து தொடங்கி அல்வாக்கடை வரிசையில் முடியும் நெல்லைக் காணொளிகள் போதும் போதும் என்னும் அளவுக்கு வந்துவிட்டன.

பொருநைக்கரை:

அல்வாக்கடை எங்கள் திட்டத்தில் இல்லை, அண்ணாச்சி. பாட்டில் வயலும் ஆற்றுப் படித்துறையும் வருகின்றன. அருவியும் கடலும் வரிகளில் இல்லை, அழகுக்காகச் சேர்த்தவையே. ஒளிப்பெட்டி அண்ணாச்சி சொன்னபடி முதலில் பாட்டை முழுமையாக ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்துவிட்டு, அதை ஒலிக்கவிட்டு அம்மாவை வாயசைக்கச் சொல்லி எடுத்துவிடலாம் என்று எண்ணுகிறோம். இதில் ஏதேனும் சிக்கல் உண்டா?

வீசுகோல்:

உண்டு. அதுவும் பெரிய சிக்கல். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வில்லடிக்கிறோம் என்ற உரிமையில் சொல்கிறேன்.

வில்லிசைக்காரர் ஒரே வரியை இரண்டு முறை ஒரே மாதிரி பாடுவதில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்து ஒரு சொல்லை நீட்டுவார், இன்னொன்றை விழுங்குவார். பின்பாட்டுக்காரர் "ஆமா" போடும் இடத்தைப் பொறுத்து அடுத்த அடியின் வேகமே மாறும். வில்லிசைக்காரரின் கையிலிருக்கும் வீசுகோல் நாணில் விழும் கணமும், குடக்காரரின் அடியும், உடுக்கையும், தாளமும் அந்தக் குரலின் மூச்சோடு கட்டுண்டவை. இப்படிப் பாடிப் பழகியவரைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்தி, காதில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஒலியை வைத்துப் பாடச் சொன்னால் பாடிவிடுவார். ஆனால் அது வில்லுப்பாட்டாக இராது. பிறகு அதே பதிவை வயலோரத்தில் ஒலிக்கவிட்டு வாயசைக்கச் சொன்னால், உதடு ஒருபக்கமும் வீசுகோல் வேறொருபக்கமும் போகும். உதட்டின் பிழையைப் படத்தொகுப்பில் ஓரளவு மறைக்கலாம். நாணில் கோல் விழாத இடத்தில் வில்லின் மணி ஒலித்தால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

எனவே என் கருத்து இதுதான். வில்லிசை வரும் பகுதிகளைப் படப்பிடிப்பிடத்திலேயே நேரடியாகப் பாடவைத்து, ஒலியையும் படத்தையும் ஒருசேரப் பதியுங்கள். காலையில் முழுப் பாட்டையும் மூன்று முறை பாடினால் அம்மாவின் குரலுக்கு அதுவே எல்லை. அந்த மூன்றில் எது சிறந்ததோ அதுவே உங்கள் பாட்டு. மேளத்தின் இடையிசைக்கு நீங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பயன்படுத்துங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை.

நாள் குறிப்பது பற்றியும் ஒன்று. பங்குனிக் கடைசி தொடங்கி ஆடி வரையில் எங்களுக்குக் கொடைக் காலம். ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அப்போதுதான் வரும். செவ்வாயும் வெள்ளியும் எந்தக் குழுவும் உங்களுக்குக் கிடைக்காது. மற்ற நாள்களிலும் இரவு முழுவதும் பாடிவிட்டு வந்த தொண்டையோடு வருவார்கள். வைகாசியை மறந்துவிடுங்கள். மாசியில் வைத்தால் நாங்கள் ஓய்வாக இருப்போம், சாரல் சொன்ன வயலும் விளைந்து நிற்கும், சித்திரையில் வெளியிட்டால் கொடைகள் தொடங்கும் வேளையில் பாட்டும் ஊருக்குள் வரும்.

ஒளிப்பெட்டி:

வீசுகோல் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் நேரடிப் பதிவு என்பது செலவைக் கூட்டும் காரியம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே டேக்கின் ஒலியைப் பயன்படுத்தப் போகிறோம் என்றால், அந்த டேக்கிலேயே முகம், கை, முழுக்குழு மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கு மூன்று கேமராக்கள் தேவை. மூன்றிலும் ஒரே ஃபிரேம் வேகம், ஒரே ஷட்டர், ஒரே வண்ணச் சமநிலை இல்லாவிட்டால், ஒன்றில் மஞ்சளாகவும் இன்னொன்றில் நீலமாகவும் தெரியும் முகத்தைத் திருத்துவதிலேயே வண்ணத் திருத்தத்துக்கான பணம் கரைந்துவிடும்.

இன்னொரு பக்கம், நான் முதலில் போட்ட எழுபது ஷாட் கணக்கு இதில் பொருந்தாது என்பதும் உண்மை. முழுப் பாட்டையும் மூன்று கேமராவில் மூன்று முறை எடுத்தால் பாட்டின் ஒவ்வொரு விநாடிக்கும் ஒன்பது படங்கள் கையில் இருக்கும். முதல் நாள் முற்பகலிலேயே பாட்டின் முதுகெலும்பு கிடைத்துவிடும். மீதி நேரமெல்லாம் கதைக் காட்சிகளுக்குக் கிடைக்கும். ஆக, வில்லிசையை நேரடியாகவும், மேளத்தைப் பிளேபேக் (முன்பே பதிந்த பாட்டை ஒலிக்கவிடுவது) வைத்தும், கதைப் பகுதியை ஒலி இல்லாமலும் எடுப்பது என்று மூன்றாகப் பிரிப்பதற்கு நான் உடன்படுகிறேன். பாட்டை முதலில் முடியுங்கள் என்று நான் சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன். நேரடியாகப் பாடினாலும் வரிகளும், பல்லவி எத்தனை முறை என்பதும், மேளம் நுழையும் இடமும் ஒத்திகையிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

மெதுவியக்கம் பற்றிக் கேட்பீர்கள். இறுதிப் படம் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், 50 ஃபிரேமில் எடுத்ததைப் பாதி வேகத்தில் ஓட்டும்போது உதடு பொருந்த வேண்டுமானால், படப்பிடிப்பில் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். அந்த வேகத்துக்கு வாயசைப்பது பயிற்சி பெற்ற நடிகருக்கே கடினம். எனவே மெதுவியக்கத்தைச் சிறுமி ஓடுவது, நெல் தூற்றுவது போன்ற வாயசைவு இல்லாத காட்சிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒலிமேடை:

ஒலி பற்றி ஒருவரும் விரிவாகப் பேசவில்லையே என்று காத்திருந்தேன்.

முதலாவது, புளூடூத் ஒலிபெருக்கியைப் பிளேபேக்குக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் ஒலி ஐந்தில் ஒரு பங்கு விநாடி வரைகூடத் தாமதமாக வரலாம். 25 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிவிநாடி; ஆகவே ஐந்து ஃபிரேம் பிழை முதல் ஷாட்டிலேயே குடிவந்துவிடும். கம்பி வழியே இணைத்த, மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கி போதும். இரண்டாவது, ஒலிபெருக்கியைக் கேமராவின் பக்கத்தில் வைக்கும் பழக்கம் அகலக் காட்சிகளில் கெடுதல் செய்யும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். வயலின் எதிர்வரப்பில் கலைஞர்கள் 34 மீட்டர் தள்ளி நின்றால் பாட்டு அவர்களை எட்டப் பத்தில் ஒரு விநாடி ஆகும். அவர்கள் கேட்டதற்குச் சரியாக ஆடினாலும் படத்தில் இரண்டரை ஃபிரேம் பிந்தித் தெரியும். ஒலிபெருக்கி ஆடுபவர்களுக்கு அருகில், படத்துக்குள் வராதபடி இருக்க வேண்டும்.

நையாண்டி மேளத்தில் இன்னொரு தனிச் சிக்கல் இருக்கிறது. தவிலும் பம்பையும் உண்மையாக முழங்கினால் எந்த ஒலிபெருக்கியும் கேட்காது. அடிப்பதுபோல் பாவனை செய்யச் சொன்னால் தோளின் விசை போய்விடும், பார்ப்பவருக்குப் பொய் தெரியும். குழுவை நடத்தும் நாகசுரக் கலைஞருக்கு மட்டும் கம்பியுள்ள ஒரு காதணிக் கருவியைக் கழுத்துத் துண்டுக்குள் மறைத்துக் கொடுத்து, தவில்காரர்களை அவரைப் பார்த்தபடி நிற்கவையுங்கள். மேளக்காரர்கள் என்றைக்கும் நாகசுரத்தைப் பார்த்தே வாசித்துப் பழகியவர்கள் என்பதால் இது அவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. முழு விசையோடு அடிக்கட்டும்.

மூன்றாவது, ஒலிப்பதிவுக் கூடத்தார் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் கோப்பைக் கொடுப்பார்கள். காணொளிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் வழக்கம். முறையாக மாற்றித் தரும்படி கேளுங்கள். மாற்றாமல் தவறான அளவில் ஓடவிட்டால் சுருதியும் வேகமும் ஒருசேரப் பிசகும். பாட்டின் தொடக்கத்துக்குச் சரியாக இரண்டு விநாடி முன்பு ஒரு குறுகிய "பீப்" ஒலியைப் பதித்துக் கொள்ளுங்கள்; பிறகு ஒலியையும் படத்தையும் பொருத்த அது உதவும். நேரடிப் பதிவுக்குக் கிளாப் அடித்தால் போதும், ஆனால் மூன்று கேமராவும் அந்தக் கிளாப்பைப் பார்க்கும்படி அடிக்க வேண்டும்.

வில்லிசைக்கு ஒலிவாங்கி வைக்கும்போது குடத்தின் வாய்க்கு நேரே ஒன்று, அம்மாவின் சட்டையில் மறைத்து ஒன்று, குழுவுக்கு மேலே கம்பத்தில் ஒன்று என்று தனித்தனித் தடங்களில் பதியுங்கள். படப்பிடிப்பிடத்துக்குப் பக்கத்தில் நீர் இறைக்கும் மோட்டார், அறுவடை இயந்திரம், தொடர்வண்டிப் பாதை உண்டா என்பதை இடம் பார்க்கப் போகும்போதே, படம்பிடிக்கவிருக்கும் அதே வேளையில் நின்று காதால் கேட்டுவிட்டு வாருங்கள். மாசியில் அறுவடை இயந்திரம் வராத வயல் எது என்று ஊராரைத்தான் கேட்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

இரண்டரை லட்சத்தில் 25,000 ரூபாயை இப்போதே எடுத்துத் தனியே வையுங்கள். அது இல்லாத பணம். மழை, பழுது, கூடுதல் நாள் எது வந்தாலும் அதிலிருந்துதான் வர வேண்டும். ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, வண்ணத் திருத்தம், ஒலிக்கலவை ஆகியவற்றுக்கு 75,000 ஒதுக்குங்கள். இதைப் படப்பிடிப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் காணொளிகள் இன்றும் ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகின்றன. மீதி ஒன்றரை லட்சம்தான் உங்கள் இரண்டு நாள்.

வில்லிசைக் குழு, மேளம், தொழில்நுட்பக்காரர்கள், நீங்கள் எல்லாருமாக ஏறத்தாழ முப்பது பேர் ஆவீர்கள். காலை இட்லி, பதினொரு மணித் தேநீர், மதியச் சாப்பாடு, மாலைக் காப்பி, இரவு என்று கணக்கிட்டால் சாப்பாடே ஒரு பெரிய தொகை. உணவகத்தில் வாங்கிக் கட்டாதீர்கள். அந்த ஊரிலேயே விசேஷ வீடுகளுக்குச் சமைக்கும் ஒருவரைப் பேசிக்கொண்டால் செலவும் குறையும், சுடச்சுடவும் கிடைக்கும்.

கேமராவை வாடகைக்கு எடுக்கும்போது, உடன் வரும் உதவியாளர்களின் பேட்டா (நாள்படி) வாடகையில் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் அது தனி. சென்னையிலிருந்து லென்ஸ் வரவழைத்தால் வரும் நாளுக்கும் போகும் நாளுக்கும் வாடகை உண்டா என்பதையும் கேளுங்கள். மூன்று கேமரா என்று ஒளிப்பெட்டி சொன்னதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். நெல்லையிலும் பாளையிலும் கலியாணப் படம் எடுப்பவர்களிடம் நல்ல கேமராக்கள் உள்ளன. முகூர்த்தம் இல்லாத நாளில் கேட்டால் ஆளோடு மலிவாகவே வருவார்கள். மாசியிலும் முகூர்த்தங்கள் உண்டு, பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்.

கலைஞர்களுக்கு அச்சாரம் கொடுத்துப் பேசி முடிப்பது நம் ஊர் முறை. மீதியை அன்று மாலையே கையில் கொடுத்துவிடுங்கள். காணொளி ஓடினால் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு அவர்களிடம் எடுபடாது, எடுபடவும் கூடாது.

தேரி பற்றி: அம்பாசமுத்திரம் பக்கம் வயலையும் ஆற்றையும் வைத்துக்கொண்டு தேரிக்கும் போனால், போகவர அரை நாளும் மூன்று வண்டி டீசலும் போய்விடும். தேரிமணல் மன்னிக்க வேண்டும்.

தேரிமணல்:

மன்னிப்பதற்கில்லை. ஆற்றையும் வயலையும் எல்லாரும் எடுத்துவிட்டார்கள். முழுப் பாட்டையும் தேரியிலேயே எடுத்தால் பயணமும் மிச்சம், பார்ப்பவர்களும் நின்று பார்ப்பார்கள்.

வீசுகோல்:

வில்லுப்பாட்டைத் தேரி மணலில் உட்காரவைத்தால் குடம் மணலில் புதையும், ஓசை எழாது. தரை கெட்டியாக இருக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி:

எழுத்து வேலைகளைப் பற்றி நான் சொல்கிறேன். பலர் இதைக் கடைசியில் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கும் இசைக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. நிகழ்த்துக் கலைஞருக்கும் தம் நிகழ்ச்சியின் மீது உரிமை உண்டு. நண்பர்களுக்குள்தானே என்று விடாமல், யார் எதற்கு உரியவர், வருமானம் வந்தால் எப்படிப் பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். உரிமை மாற்றம் எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வில்லிசை அம்மாவிடம் வாங்கும் ஒப்புதல் தமிழில் இருக்கட்டும். படித்துக் காட்டி, ஒரு படியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

காப்பு வழிவழியாக வருவது என்பதால் அதைப் பாடத் தடையில்லை. ஆனால் ஒரு பழைய ஒலிநாடாவில் கேட்ட இசைக்கோவையை அப்படியே எடுத்தால் அது வேறு. அந்தப் பதிவுக்கு உரியவர்கள் யூடியூபில் உரிமை கோரலாம்.

சிறுமிக்காக ஒரு வேலை தனியே இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதி பெற வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வைத்திருக்கக் கூடாது, ஊதியத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ஆகவே சிறுமியின் காட்சிகளைக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகச் சிதறவிடாமல் ஒரே வேளையில் அடுக்குங்கள். பள்ளித் தேர்வு நாள்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் நன்றி. நண்பர்களோடு பேசித் திட்டத்தை மாற்றிவிட்டோம். குற்றாலம், மாஞ்சோலை, கோயில், பாலம், கூந்தன்குளம், உவரி, தேரி எதுவும் இல்லை. மாசி மாதத்தில், அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடைப்பட்ட பகுதியில், வயலும் படித்துறையும் வெட்டவெளியும் நடந்துபோகும் தொலைவில் உள்ள ஒரே ஊரில் இரண்டு நாளும் எடுக்கிறோம். தேரிமணல் அண்ணாச்சியின் யோசனையை அடுத்த பாட்டுக்கு வைத்திருக்கிறோம்.

முதல் நாள் காலையில் வெட்டவெளியில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு வில்லிசையை நேரடியாக மூன்று முறை பதிவு செய்துவிட்டு, மாலையில் மேளத்தை வயல் வரப்பில் பிளேபேக் வைத்து எடுக்க எண்ணுகிறோம். இரண்டாம் நாள் காலையில் சிறுமியின் காட்சிகள், பிற்பகலில் விடுபட்டவை. இரவுக் காட்சி ஒன்றும் இருக்கிறது. கொடைக்குக் கட்டுவதுபோல் சீரியல் விளக்குகள் கட்டிப் பந்தலையே மீண்டும் பயன்படுத்தலாமா?

ஒளிப்பெட்டி:

பயன்படுத்தலாம். ஆனால் சீரியல் விளக்குகளை முன்கூட்டியே ஒரு மாலையில் எரியவிட்டு, நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே கேமராவில் பதிந்து பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேமில் ஷட்டரை 1/50இல் வைத்தால் குழல்விளக்குகள் பெரும்பாலும் நடுங்கா. மலிவான எல்இடி சரங்கள் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. ஜெனரேட்டரைப் பந்தலிலிருந்து தள்ளி, காற்று வீசிப்போகும் பக்கத்தில் நிறுத்துங்கள். நேரடிப் பதிவின்போது அதை அறவே அணைத்துவிட வேண்டும்.

உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாசியில் சூரியன் ஏறத்தாழ ஆறரை மணிக்கு எழும். சாயங்காலம் பஞ்சாங்கத்தில் உள்ள நேரம் வரையில் வெயில் இருக்கும் என்று அங்கே நம்பக்கூடாது. மேற்கே பொதிகை மலை நிற்பதால் அதற்கு முன்பே நிழல் வயலில் விழுந்துவிடும். இடம் பார்க்கப் போகும் நாளில் நிழல் வரப்பை எட்டும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மேளத்தை அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிடுங்கள். வில்லிசையைக் காலை இளவெயிலில் வைக்கத் தேவையில்லை. பந்தலுக்குள் நடப்பதால் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம், அம்மாவுக்கும் தொண்டை திறந்திருக்கும். கீற்றின் இடுக்கு வழியே வெயில் புள்ளிபுள்ளியாக முகத்தில் விழும் என்பதால், பந்தலுக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கட்டச் சொல்லுங்கள். காலை இளவெயிலை, அதாவது ஆறரையிலிருந்து எட்டரை வரை, இரண்டு நாளும் படித்துறைக்கும் வயலுக்கும் கொடுங்கள்.

வீசுகோல்:

பந்தல் போடும் இடம் அம்மன் கோயிலுக்கோ மாடன் பீடத்துக்கோ எதிரில் வேண்டாம். வில்லைப் பூட்டிக் காப்புப் பாடினால் சாமியாடிகள் வந்துவிடுவார்கள். பிறகு உங்கள் மூன்று டேக் கணக்கு நடக்காது. ஊர்ப் பெரியவர்களிடம் முதலிலேயே போய், இது கொடை அல்ல, படப்பிடிப்பு என்று சொல்லி, அவர்கள் காட்டும் இடத்தில் போடுங்கள். மற்றபடி, அம்மாவோடு ஒத்திகைக்கு உட்காரும்போது பின்பாட்டுக்காரரையும் குடக்காரரையும் சேர்த்தே கூப்பிடுங்கள். அம்மா மட்டும் வந்து பாடிக் காட்டுவது ஒத்திகை ஆகாது.

பொருநைக்கரை:

அப்படியே செய்கிறோம். ஆட்சியர் அலுவலகத்துக்கான விண்ணப்பத்தையும், காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்குமான கடிதங்களையும் எழுதத் தொடங்கிவிட்டோம். வரி வாரியாகப் பிரித்த தாள் முடிந்ததும் இங்கே பதிகிறேன். பார்த்துத் திருத்தம் சொல்லுங்கள்.